கலனில் நான் போட்ட கோடுகள்

என் சொல்லை ஒரு நாளும் தட்டாத என் அண்ணனுக்கு,

உங்கள் மனைவி, என் மச்சாள், நேற்று வவுணதீவு வயல் வட்டையில் வெயிலுக்குள் மயங்கி விழுந்துவிட்டார். பயப்படாதீர்கள், இப்போது எழும்பி உட்கார்ந்து என்னோடு சண்டை பிடிக்கிறார். நீங்கள் போன பிறகு அவர் தண்ணீரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வயலில் நாள் முழுக்க நின்றாலும் இரண்டு மிடறுதான்.

"அவரக் கொண்டுபோன தண்ணி எனக்கு வேணாம்" என்கிறார். அந்தத் தண்ணீரை உங்களுக்கு ஊற்றியவள் நான்தானே.

உங்களைப் போல பிரஷர் உள்ளவர்கள் தண்ணீர் குறைத்தால் கிட்னி போய்விடும் என்று யாரோ போனில் அனுப்பிய வீடியோவைப் பார்த்துப் பயந்துவிட்டேன். ஐந்து லீற்றர் கலனில் கறுப்பு மையால் கோடு போட்டேன். பத்து மணிக்குள் இதுவரை, பன்னிரண்டுக்குள் இதுவரை. உங்கள் கறியில் உப்பையும் நிறுத்தினேன். "தங்கச்சி கோடு போட்டுட்டாள், குடிக்காட்டி விடமாட்டாள்" என்று பக்கத்து வயல்காரரிடம் சொல்லிச் சிரித்தபடி, தாகமில்லாமலே குடித்தீர்கள்.

வெட்டு மெஷின் இறங்காத சேற்று மூலையில் நெல்லைக் கையால் வெட்டிய அன்று, இரண்டாவது கலனையும் நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். தலையிடிக்கிறது என்றீர்கள். சத்தி எடுத்தீர்கள். பிறகு என்னைப் பார்த்து, நான் யாரென்று கேட்டீர்கள். வெயில் தாக்கிவிட்டதென்று நினைத்து, தலையை மடியில் வைத்து இன்னும் பருக்கினேன். அப்போதும் மறுக்காமல் குடித்தீர்களே அண்ணன், ஏன்?

"வேர்வையில உப்புப் போச்சு. அளவுக்கு மிஞ்சிக் குடிச்ச தண்ணியால ரத்தத்தில மிச்சமிருந்த உப்பும் ஐதாகி, மூளை வீங்கிட்டு" என்றார் டொக்டர். வலிப்பு உங்கள் கடைசி மூச்சுவரை நிற்கவில்லை.

நேற்று மச்சாளையும் அவரிடம்தான் கொண்டுபோனேன். "பயத்தில குடிக்காம இருக்கிறதும் பிழைதான்" என்றார். "தாகம் எடுத்தாக் குடிங்க, அடங்கினா நிப்பாட்டுங்க. நல்லா வேர்த்தா உப்புப் போட்ட கஞ்சியும் குடிங்க."

மச்சாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இவள் கோடு போடமாட்டாளோ?"

வீட்டுக்கு வந்ததும் மண்ணெண்ணெய் தொட்டுத் தேங்காய்த் தும்பால் கலனின் வெளிப்பக்கத்தைத் தேய்த்தேன். கோடுகள் போய்விட்டன. நாளைக்கு வெட்டுக்கு அதே கலன்தான் போகும், நானும் கூடப் போவேன். முதல் மிடறை மச்சாளுக்கு முன்னால் நான் குடிப்பேன். யாராவது தலையிடி, சத்தி என்றாலோ பேச்சுத் தடுமாறினாலோ, இன்னும் குடி என்று ஒருவரையும் சொல்லவிடமாட்டேன். வாகனம் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றுவேன். வட்டை முழுக்கச் சொல்லிவைத்துவிட்டேன், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

உங்களுக்குத் தாகமா என்று நான் ஒரு தரமும் கேட்கவில்லை, அண்ணன். இனி மச்சாளிடம் கேட்டுத்தான் ஊற்றுவேன்.

கோடு போட்ட கையால் எழுதும்,
உங்கள் தங்கச்சி