யார் பிணைத்த பாவு?

3.9.98, வியாழன்
காலையிலேயே மழை. டப்பாவில் இருந்த சாம்பல் நமுத்துவிட்டது. விரலில் சாம்பல் தொடாமல் பட்டு இழையை முறுக்க முடியாது.

சேவூர் நெசவாளர் சங்கக் கூட்டம். கூலி உயரும்வரை வேலைநிறுத்தம். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளை நெய்து முடிக்கலாம், புதுப் பாவு ஏற்றக்கூடாது. அதாவது, பழைய பாவின் நுனியில் புதுப் பாவை இழை இழையாகப் பிணைக்கிற நாங்கள் நாளை முதல் சும்மா. நான், முனியம்மாக்கா, செல்வி. எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எங்க கூலி?" என்றேன்.

தலைவர் ஏழுமலை, "மொதல்ல நெய்றவன் கூலி ஏறட்டும்மா. அப்பறம் உங்களுது தானா ஏறும்."

தானாக ஏற அது என்ன அவரைக்கொடியா? ஆனாலும் எல்லோரோடும் கைதட்டினேன். ஏனோ.

6.9.98, ஞாயிறு
வேலை இல்லை. எண்ணெய்க் குளியல். அரிசி புடைத்தேன். சோப்பு வாங்க மறந்தாயிற்று.

வேலைநிறுத்தம் சரிதான். கூலி ஏறி எத்தனை வருஷம். சரிதான். இருந்தாலும்.

8.9.98, செவ்வாய்
நல்ல வெயில். காலையில் பக்கத்துத் தெரு கமலா. ஒரே அழுகை. அவள் வீட்டில் இருப்பது முதலாளியின் தறி.

"பாவு ஏத்தலன்னா தறிய கழட்டிகினு பூடுவேன்னு ஆள் வந்து சொல்லிட்டுப் போறான்க்கா. நீதான் பிணைச்சுக் குடுக்கணும்."

முடியாது என்றேன். இரண்டு முறை. பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன். கதவைச் சாத்திக்கொண்டு சாயங்காலம்வரை வேலை. பச்சைப் பாவு. கை நன்றாக ஓடியது. சந்தோஷமாகக்கூட இருந்தது, வெட்கக்கேடு.

அவள்மேல் பரிதாபமா, ஏழுமலைமேல் கோபமா? கூலி வாங்கவில்லை. வாங்காவிட்டால் தப்பு இல்லை என்றாகுமா?

11.9.98, வெள்ளி
முதலாளியின் ஆள் டீக்கடையில் சொன்னானாம்: "இன்னா ஸ்ட்ரைக்கு? சேவூர்லயே புதுப் பாவு ஓடிகினு கீது." யார் வீடு என்று சொல்லவில்லையாம்.

கமலா வீட்டுக்குப் போனேன். உள்ளே தறிச் சத்தம். கதவு திறக்கவில்லை.

ஏழுமலையிடம் சொல்லிவிடலாம். சொன்னால் கமலாவும் மாட்டுவாள். வாயை மூடிக்கொண்டிருப்பது அவளுக்காகவா, எனக்காகவா?

13.9.98, ஞாயிறு
கோயில் வாசலில் கூட்டம். கொசுத்தொல்லை.

ஏழுமலை: "அந்தப் பாவ யாரு பிணைச்சாங்களோ, அவங்கள இனிமே எந்த வீட்லயும் கூப்புடக் கூடாது. இன்னா சொல்றீங்க?"

முதலில் எழுந்தது கமலா. "நாம பட்டினி கெடக்குறோம், அவ மொதலாளிக்கு வேல செய்றா. தள்ளி வைங்க அவள!" என் பக்கம் திரும்பவே இல்லை.

சம்மதம் என்றால் கை தூக்கச் சொன்னார்கள். எல்லோரும் தூக்கினார்கள். நானும்.

முனியம்மாக்கா மட்டும் தூக்கவில்லை. "அவளுக்கு இன்னா கஷ்டமோ. உடுங்கப்பா."

மொத்தக் கூட்டமும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

"ஓகோ, நீதானா அது?" என்றான் ஒருவன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் கையை இறக்கவில்லை.