வளையத்தில் பட்டதா?

பிப்ரவரி 9, சனி

நான் தூங்கவில்லை.

மீன் சந்தையிலிருந்து மாதா கோயில் வாசல் வரை இதே பேச்சு: லோரிங் மேம் (ஊர் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறது) மேசையிலேயே தூங்கிவிட்டாளாம், பொத்தானை அழுத்த வேண்டிய நேரத்தில் அழுத்தவில்லையாம். எழுபத்து நான்கு வயதில் நான் பகலில் கண்ணை மூடுவது ஜெபத்துக்கு மட்டும். பத்தொன்பது வருடமாகப் பள்ளிக் கூடைப்பந்துப் போட்டிகளில் நொடிக் கடிகாரம் என் கையில் இருக்கிறது. நேற்றும் என் முதுகு நாற்காலியில் சாயவில்லை.

நடந்ததை எழுதி வைக்கிறேன். இறுதிப் போட்டி. சர்க்கரை மில் பள்ளி 61, துறைமுகப் பள்ளி 60. ஆட்டம் முடியச் சில நொடிகள். பந்து துறைமுகத்தாரிடம். விதி எளிது. பந்து கிடைத்த அணி இருபத்து நான்கு நொடிக்குள் எறிய வேண்டும், எறிந்தது வளையத்தில் பட வேண்டும். பட்டுத் திரும்பி அதே அணியின் கைக்கே வந்தால் நான் கடிகாரத்தைப் பதினான்குக்குத் திருப்புவேன். படாவிட்டால் திருப்ப மாட்டேன். நொடி தீர்ந்ததும் சங்கு ஊதும், பந்து எதிரணிக்குப் போய்விடும்.

என் கடிகாரத்தில் இரண்டு நொடி இருக்கும்போது ஓரத்திலிருந்து எறிந்தார்கள். பந்து கீழே வந்தது. துறைமுகத்தாரின் இன்னொரு மஞ்சள் சட்டை அதைப் பிடித்தது. நான் திருப்பவில்லை. சங்கு ஊதியது. அதற்குப் பிறகு அவன் போட்டது கூடைக்குள் விழுந்தது. செல்லாது.

நடுவர் வெனி மேசைக்கு ஓடி வந்தான். வெனிஃபிரெடோ பாத்துபோ. பதினோரு வருடமாக என்னோடு வேலை பார்க்கிறவன்.

"பட்டுச்சா மேம்?"

"படல."

ஒரு கணம் என் முகத்தையே பார்த்தான். பிறகு திரும்பிக் கைகளை வீசி, புள்ளி இல்லை என்று காட்டினான்.

துறைமுகத்தார் பக்கமிருந்து முதலில் தண்ணீர் பாட்டில்கள் வந்தன. பிறகு நாற்காலிகள். "கிழவி தூங்கிட்டாடா! பாட்டி, பொழுது விடிஞ்சிடுச்சு, எந்திரி!" என்று கத்திக்கொண்டு மேசை மேல் ஏறினார்கள். வெனி குறுக்கே நின்றான்.

"மேசையத் தொடாதீங்க. முடிவு என்னோடது. என்கிட்ட கேளுங்க."

கேட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலியால் வாயில் கேட்டார்கள். விழுந்த பிறகு விலாவில் உதைத்துக் கேட்டார்கள். அவன் தாடை போன சத்தம் இத்தனை கூச்சலிலும் எனக்குக் கேட்டது. முற்றிய கரும்பை முழங்காலில் வைத்து ஒடிப்பதுபோல.

ஊதாச் சட்டை போட்ட தடியன் ஒருவன் வெனியின் வயிற்றின் மேல் இரண்டு காலாலும் குதித்தான். புள்ளி எழுதும் பலகையை எடுத்து அதன் விளிம்பால் அவன் காதில் அறைந்தேன். காது கிழிந்தது. இன்னொன்று போடுவதற்குள் யாரோ என்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வருத்தமில்லை.

பிப்ரவரி 10, ஞாயிறு

பூசை முடிந்து வந்தால் முன் ஜன்னலில் கண்ணாடி இல்லை. கல் கூடத்தைத் தாண்டி வந்து அன்செல்மோவின் படத்தில் விழுந்திருக்கிறது. இறந்துபோய் ஒன்பது வருடமான என் கணவர் முகத்தில் ஒரு துவாரம். அவர் இருந்திருந்தால் இந்நேரம் துறைமுகத்தில் ஒருவனாவது சப்பாணியாகியிருப்பான். படத்தைத் துடைத்து அதே ஆணியில் மாட்டினேன்.

பிப்ரவரி 12, செவ்வாய்

ஆஸ்பத்திரி. வெனியின் மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள், பேச்சு இல்லை. அவன் மனைவி மெர்லிண்டா இஞ்சி போட்ட கஞ்சியை வடிகட்டி உறிஞ்சுகுழலால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பாதி மோவாயில் வழிந்தது.

"மில்லுகாரங்ககிட்ட காசுக்குக் கை நீட்டிட்டாருன்னு சொல்றாங்க மேம். இனிமே ஆயுசுக்கும் விசில் ஊதக் கூடாதுன்னு சங்கத்துல எழுதப் போறாங்களாம். இந்த மனுசனுக்கு விசில் இல்லாட்டி வேற என்ன இருக்கு? சண்டைக் கோழி வளக்கவா?"

"அப்படி எழுத விட மாட்டேன்."

"எனக்கு ஒரே வார்த்த சொல்லுங்க. பட்டுச்சா, படலையா?"

"படல."

என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வெனிக்குக் கழுத்தைத் திருப்ப முடியாது. கண்களை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஏன்?

பிப்ரவரி 13, புதன்

வலியாக இருந்திருக்கும். அதனால்தான்.

பிப்ரவரி 14, வியாழன்

விளையாட்டுச் சங்கச் செயலாளர் சொப்ரெவேகா வந்தார். பிஸ்கட்டை ஒவ்வொன்றாக எடுத்து மென்றபடியே பேசினார். மூன்று பேர் கைப்பேசியில் படம் எடுத்திருக்கிறார்களாம். மூன்றிலும் முன்னால் எழுந்து நின்றவனின் தலைதான் தெரிகிறதாம்.

"ஆனா பந்து பட்டுதுன்னு ரெண்டு வாத்தியாருங்க எழுதிக் குடுத்துட்டாங்க மேம். அப்ப, ஒண்ணு மேசை தூங்கிடுச்சு, இல்ல வெனி ஆட்டத்த வித்துட்டான். வளையத்துக்குக் கீழயே நின்னவனுக்குத் தெரியாமலா போகும்? ரெண்டுல ஒண்ணக் குடுத்தாத்தான் ஊரு அடங்கும்."

"மேசை தூங்கல. எழுதிக்குங்க."

"அப்ப வெனிதான்" என்றார். பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

மடத்துப் பள்ளியில் மதர் கிளமென்சியா பிரம்பால் விரலைத் தட்டித் தட்டித் திருத்திய கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: பந்து வளையத்தில் படவில்லை. கீழே முழுப் பெயர், ஃப்ளோரென்சியா தும்பாகஹான். வாங்கிப் பையில் வைத்தார். 22ஆம் தேதி விசாரணை. அதுவரை வெனிக்குத் தடை.

பிப்ரவரி 17, ஞாயிறு

இதையும் எழுத வேண்டும்.

சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு கடை தள்ளி ஊதாச் சட்டைத் தடியன், காதில் கட்டோடு, இறால் பேரம் பேசிக்கொண்டிருந்தான். அவன் பெயர் டாடோ என்று இன்றுதான் தெரியும். வெனியின் தம்பி டாசியோ பின்னாலிருந்து வந்தான். கரும்பு வெட்டுகிறவன், வெட்டுக்கத்தி கையில். ஒரு சத்தம் போடவில்லை. முதல் வீச்சு தோளில். டாடோ திரும்பிக் கையால் தடுத்தான். இரண்டாவது வீச்சில் மூன்று விரல்கள் ஐஸ் கட்டி மேல், மீன்களோடு மீன்களாக. கடைக்காரி அலறிக்கொண்டே ஐஸை அள்ளி அவன் கையில் கொட்டினாள். சிவப்பாகவே வழிந்தது.

டாசியோ ஓடவில்லை. என்னைப் பார்த்துவிட்டான்.

"மேம்! நீங்கதான சொன்னீங்க, படலன்னு! எங்கண்ணன் யோக்கியன். யோக்கியன மிதிச்ச காலு வேணும்னு வந்தேன், கைதான் கெடச்சுது."

சந்தை முழுக்க என் பக்கம் திரும்பியது. என் வெள்ளைப் பாவாடையில் தெறித்திருந்தது. போலீஸ் வந்து டாசியோவின் முகத்தைச் சிமெண்டுத் தரையில் வைத்துத் தேய்த்தபோதும் அவன் சொல்லிக்கொண்டே இருந்தான்: மேம் சொன்னாங்க, மேம் சொன்னாங்க.

மாலைக்குள் துறைமுகத்தார் பெட்ரோலோடு போய் வெனி வீட்டுச் சமையலறையைக் கொளுத்திவிட்டார்கள். மெர்லிண்டாவும் குழந்தைகளும் மில் குடியிருப்பில் இருக்கிறார்கள்.

பிப்ரவரி 18, திங்கள்

எனக்குத் தெரியாது.

பட்டுச்சா படலையா, எனக்குத் தெரியவே தெரியாது. நான் பாக்கல. பாக்க முடியல.

கண்ணில் புரை. போன ஆகஸ்டிலிருந்து இரண்டு கண்ணிலும். மேசையிலிருந்து பார்த்தால் வளையம் ஒரு சிவப்புக் கறை, ஆட்டக்காரர்கள் சட்டை நிறங்கள். யாரிடமும் சொல்லவில்லை. காதால் சமாளித்தேன். அந்த வளையத்துக்கு ஒரு பக்கம் திருகாணி தளர்ந்திருந்தது. பந்து லேசாக உரசினாலும் 'டங்' என்று கேட்கும். ஐந்து மாதம் அந்தச் சத்தத்துக்குத்தான் பொத்தானைத் திருப்பினேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

ஜனவரியில் தேர்தல் வேட்பாளர் ஒருவர் புது வளையம் மாட்டிக் கொடுத்தார். சுருள்வில் வைத்தது. சத்தமே போடாதது. முதல் ஆட்டத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அப்போதே மேசையை விட்டு எழுந்திருக்க வேண்டும். நடுவரின் கை அசைவையும் கூட்டத்தின் சத்தத்தையும் வைத்து ஊகித்து ஊகித்து இறுதிப் போட்டி வரை வந்துவிட்டேன். அன்று மில்காரர்களின் முரசு வேறு. ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் கேட்காததால் படவில்லை என்றேன்.

ஏன் எழுந்திருக்கவில்லை? அந்த மேசையில் உட்கார்ந்தால் இரண்டாயிரம் பேர் என் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்கு வந்தால் யார் பார்க்கிறார்கள்?

ஒரு பெருமைக்காக ஒருவனுக்கு மண்ணீரல் போயிற்று. இன்னொருவனுக்கு விரல்கள். இன்னொருவனுக்குச் சிறை.

பிப்ரவரி 19, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றபடியே சொன்னேன். உட்காரவில்லை.

மெர்லிண்டா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து அறைந்தாள். மூக்குக்கண்ணாடி கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. உள்கன்னம் கிழிந்து வாயில் உப்பு. முகத்தைத் திருப்பவில்லை. இன்னொரு தடவை அறைந்தாள்.

"அடிச்சதுக்கு மன்னிப்பு கேக்க மாட்டேன்."

"கேக்காத."

வெனி காகிதம் கேட்டு வாங்கி எழுதினான். எழுத்தைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்துத்தான் படிக்க முடிந்தது. 'பாத்தேன். ஓரத்துல ஒரசுச்சு.'

"பாத்துட்டு அப்புறம் ஏன் என்னக் கேட்ட? நீயே மாத்தியிருக்கலாமே. நடுவர் சொல்றதுதான முடிவு!"

காகிதத்தைத் திருப்பி எழுதினான். 'பதினோரு வருசத்துல நீங்க ஒரு தடவகூட தப்பு சொன்னதில்ல மேம். என் கண்ணுதான் தப்புன்னு நெனச்சேன்.'

மூக்குக்கண்ணாடியை நானே குனிந்து தேடினேன். யாரும் எடுத்துத் தரவில்லை. தரத் தேவையுமில்லை.

பிப்ரவரி 20, புதன்

காலையில் சொப்ரெவேகாவைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "ஐயோ மேம், இத எழுத்துல குடுத்துடாதீங்க. துறைமுகத்துக்காரங்க உங்க வீட்டையே கொளுத்திடுவாங்க. வாங்க, வாயால பேசி முடிச்சுக்கலாம். வெனிக்கு ஒரு வருசம் போட்டு ஆறப் போட்டுடலாம்."

எழுதினேன். நகல் இங்கே:

செயலாளர் அவர்களுக்கு. 14ஆம் தேதி நான் கையெழுத்திட்டுத் தந்தது பொய். பந்து வளையத்தில் பட்டதை நான் பார்க்கவில்லை. ஆகஸ்டிலிருந்து மேசையிலிருந்து எனக்கு வளையமே தெரிவதில்லை. அதை மறைத்தேன். நடுவர் கேட்டபோது தெரியாது என்று சொல்லாமல் படவில்லை என்றேன். அவர் தன் கண்ணை விட்டுவிட்டு என்னை நம்பினார். அவர் யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. கடிகாரத்தைப் பதினான்குக்குத் திருப்பாதது என் தவறு. துறைமுகப் பள்ளியின் புள்ளி நியாயமான புள்ளி. என்னை மேசையிலிருந்து நீக்கிவிடுங்கள். இதன் நகல்களை இன்று இரண்டு பள்ளிகளின் வாசலிலும் காவல் நிலையத்திலும் நானே ஒட்டிவிட்டேன். 22ஆம் தேதி வந்து எல்லோர் முன்னாலும் நின்று வாசிப்பேன். என் மேல் கை வைக்க வேண்டியவர்கள் அன்றைக்கே வரலாம், வெனியின் வீட்டுக்குப் போக வேண்டாம்.

வெனிஃபிரெடோ பாத்துபோ மீதுள்ள தடை நீங்கியதா, இல்லையா? தொலைபேசியில் வேண்டாம், ஆள் மூலம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். எழுத்தில் பதில் தாருங்கள்.