க்ளாம்பின் மேல் ஒரு சிவப்புக் கோடு

இன்று காலை, கூடுவாஞ்சேரியில் என் காரை விட்டிருந்த மெக்கானிக் ஷெட்டுக்குள் சாம்பிராணிப் புகை வந்தது. வெள்ளிக்கிழமை. கடை கடையாகத் தூபம் போட்டுக்கொண்டு வரும் பாய், வாசலில் நின்று விசிறிவிட்டுப் போனார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அந்த வாசனை வந்தால் நீயும் வந்துவிடுவாய். ஒன்பது வருடங்களாக உன்னோடு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவன் நான். நீ செத்து ஏழு மாதமாகிறது. சாவுக்கும் வரவில்லை. செய்தி வந்த அன்று கல்லூரிக்குப் போய் வழக்கம்போல் வகுப்பெடுத்தேன்.

புதுப்பட்டினத்தில் உன் ஷெட்டுக்கு வரும், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ வைத்த வண்டிகளில் எது இழுக்கவில்லை என்றாலும் நீ சொல்வது ஒன்றுதான்: "வெள்ளிக்கெழம கொண்டா." வெளியூர்க்காரர்கள் நாள் நட்சத்திரம் பார்க்கிறாய் என்று நினைத்தார்கள். வெள்ளிக்கிழமைதான் பாய் வருவார் என்பது எங்களுக்குத் தெரியும். அவர் சட்டியிலிருந்து நெருப்பையும் சாம்பிராணியையும் வாங்கி ஒரு பெயிண்ட் டப்பாவில் போடுவாய். மூடியில் இரண்டு குழாய்கள். ஒன்றில் கால் பம்ப்பை மாட்டி மிதித்தால், மற்றதன் வழியாகப் புகை எஞ்சினின் காற்றுக் குழாய்க்குள் போகும். எங்கே ஓட்டையோ அங்கே நூல் மாதிரி புகை எழும்பும். "பாய் ஓதினா பேய் மட்டுமில்ல, லீக்கும் வெளிய வந்துரும்" என்பாய். பாயும் சிரிப்பார்.

என் காருக்கும் அப்படித்தான் பார்த்தாய். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சீட்டியடித்தது, மேடு ஏறவில்லை. டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று நான் காரணங்களோடு விளக்கினேன். நீ பல்லைக் காட்டினாய்.

"இன்னா வாத்தியாரே, அதுக்குள்ள கருமாதி பண்றே? டர்போ நல்லாத்தான் கீது. அது அனுப்புற காத்து வழியிலயே பூடுது."

கீழே வளைந்து போகும் ரப்பர் குழாயின் முழங்கையில் புகை வந்தது. ஷெட்டில் நாலு பேர் இருந்தார்கள். பள்ளியில் உன் கணக்குகளை என்னைப் பார்த்து எழுதியவன் நீ. பொறியியல் படித்து, அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவன் நான். நாலு பேர் எதிரில் நீ சரி, நான் தப்பு. அதை அன்றே உள்ளே எழுதி வைத்துக்கொண்டேன். இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்.

புதுக் குழாய் போட்டாய். இரண்டு வாயையும் பெட்ரோலால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தாய். குழாயை இரும்பு வாயின் புடைத்த விளிம்பைத் தாண்டித் தள்ளி, விளிம்புக்குப் பின்னால் க்ளாம்ப் வளையத்தைத் திருகி இறுக்கினாய். "மேல உக்காந்தா புடுங்கிக்கும், மச்சான். தாண்டி உக்காரணும்." கடைசியில் உன் மனைவியின் நெயில் பாலிஷை எடுத்து, க்ளாம்பின் திருகிலிருந்து குழாய் வரை ஒரே கோடாக இழுத்தாய். எல்லா வண்டிக்கும், கை வைத்த எல்லா க்ளாம்புக்கும் அப்படிச் செய்வாய். உன் கையெழுத்து, வெட்டிப் பெருமை என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, புதுப்பட்டினத்தில் அம்மா வீட்டு வாசலில் வைத்து அந்தக் குழாயை நான் கழற்றினேன். இணைப்பில் துளி எண்ணெய் தெரிந்தது. நீ சரியாகச் செய்யவில்லை என்று காட்ட வேண்டும் எனக்கு. உள்ளே ஒன்றும் இல்லை. பிசுக்கைத் துடைக்காமலே திருப்பி மாட்டி, நன்றாக இறுக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அம்மாவுக்கு வாய் கோணியது, வலது கை விழுந்தது. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் காரில் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன். திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியதும் டயர் வெடித்ததுபோல் ஒரு சத்தம். அதன் பிறகு வண்டி இழுக்கவில்லை. பின்னால் கருப்புப் புகை. சைக்கிள்காரன் என்னை முந்திப் போனான். பின் சீட்டில் அம்மா என்னவோ சொல்லிக்கொண்டே வந்தாள், ஒன்றும் புரியவில்லை. "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே" என்றார் டாக்டர். அம்மாவுக்குப் பேச்சு திரும்பவே இல்லை. இன்றைக்கும் நாலைந்து வார்த்தைகள்தான்.

மறுநாள் அதே காரை உருட்டிக்கொண்டு உன் ஷெட்டுக்கு வந்து கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். நீ பானெட்டைத் திறந்து குனிந்தாய். கழன்று தொங்கிய குழாயைப் பிடித்து, க்ளாம்பின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாய். பிறகு நிமிர்ந்தாய்.

"என் தப்புதான் மச்சான். சரியா இறுக்கல. நீ போய் அம்மாவப் பாரு."

அவ்வளவுதான். எனக்கு அது போதுமாயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் தொட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அவனே ஒப்புக்கொண்டான் என்று நிம்மதியானேன். அதே குழாயையும் க்ளாம்பையும் வேறு ஆளிடம் கொடுத்து மாட்டிக்கொண்டேன். கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ்ஸில் போகிறவர்களிடம் எல்லாம், அவனிடம் வண்டி விடாதீர்கள், ஆளைக் கொல்லும் வேலை என்று சொன்னேன். விட்டவர்கள் பலர் நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது சந்தோஷப்பட்டேன்.

இன்று இந்த மெக்கானிக், மறுபடி சீட்டியடித்த காரின் கீழிருந்து எழுந்து வந்து கேட்டான்:

"சார், புதுப்பட்டினத்துல வேலை பாத்த வண்டியா?"

"எப்படித் தெரியும்?"

"நெயில் பாலிஷ் கோடு கீதே சார். அந்தண்ண போடுறது. கோடு நேரா இருந்தா அவரு இறுக்குனபடியே கீதுன்னு அர்த்தம். ஒடஞ்சிருந்தா வேற எவனோ கை வச்சிட்டான். மத்ததெல்லாம் நேராக் கீது. இது ஒண்ணுதான் ஒடஞ்சு கீது. அப்புறம் யாரு சார் கழட்டுனது?"

குனிந்து பார்த்தேன். திருகில் பாதிக் கோடு, குழாயில் பாதிக் கோடு, நடுவே அரைச்சுற்று இடைவெளி. உன் கட்டைவிரல் இருந்த இடம்.

தெரிந்திருக்கிறது உனக்கு. வேறு ஆள் கை வைக்கும் முன்பே, அன்று பார்த்த உடனே தெரிந்திருக்கிறது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், இவன் தாங்க மாட்டான் என்று நீயாக முடிவு செய்திருக்கிறாய். யார் கேட்டது? என் சட்டையைப் பிடித்து, "நாயே, நீதாண்டா கழட்டுனே" என்று ஓர் அறை விட்டிருக்க வேண்டாமா? நான் ஊரெல்லாம் உன்னைத் தூற்றித் திரிந்தபோதாவது வாயைத் திறந்திருக்க வேண்டாமா? ஒன்பது வருடம் என்னை நியாயஸ்தனாக நடமாட விட்டாய். கணக்கில் என்னைப் பார்த்து எழுதியவன், கடைசியில் என் தப்பையும் உன் பெயரில் எழுதிக்கொண்டு போய்விட்டாய். திருப்பிக் கேட்க ஆளில்லை. இதற்கு நீ பெரிய மனுஷன் என்று ஊர் சொல்லும். நான் சொல்ல மாட்டேன். உன் மேல் எனக்கு முன்பிருந்ததைவிட அதிகக் கோபம் இருக்கிறது.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். இத்தனை வருடமும் அடிக்கடி உன் பெயரைச் சொல்லுவாள். மிஞ்சிய நாலைந்து வார்த்தைகளில் அதுவும் ஒன்று. "அவனாலதான் நீ இப்படிக் கிடக்கிறாய்" என்பேன். அதோடு அடங்கிவிடுவாள்.

மத்தியானம் வீட்டுக்குப் போய் அவள் கட்டிலருகே உட்கார்ந்தேன். "அம்மா, அந்தக் குழாயைக் கழட்டினது நான். அவன் இல்லை" என்றேன். காது கேட்கவில்லையோ என்று இன்னொரு முறை சொன்னேன். கேட்டிருந்தது. நல்ல கையால் என் கையைத் தள்ளிவிட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரவுச் சாப்பாட்டை என் கையால் வாங்கவில்லை. என் மனைவிதான் ஊட்டினாள்.

நீ கொடுக்காத அறையை அவள் கொடுத்தாள்.

மெக்கானிக் குழாயை மாற்றிவிட்டான். பழைய குழாயையும் க்ளாம்பையும் குப்பையில் போடப் போனவனிடமிருந்து வாங்கி வந்துவிட்டேன். என் மேஜை மேல் இருக்கிறது. இது உன் தப்பு இல்லை. என்னுடையது. கொடு, நான் வைத்துக்கொள்கிறேன்.