கொலுசு வேண்டாம், கட்டி போதும்

தாரண வருஷம், ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள்

தணிகை மலையடிவாரத்தில் நான் பூ விற்ற காசுக்கு இன்று வெள்ளி வாங்கினேன். கொலுசாக அல்ல, கட்டியாக.

"பொம்பள யாராவது கட்டி வாங்குவாங்களாம்மா? கொலுசா எடுத்துக்கோங்க" என்றார் ஆசாரி. கொலுசு என்றால் வாங்கும்போது கூலி, சேதாரம். விற்கப் போனால் அழுக்கு, ஈயம் என்று கழிப்பார். எனக்குத் தெரியாதா?

"கட்டியே குடுங்க. உளி வச்சு வெட்டிக் காட்டுங்க."

ஆசாரி முகம் சுருங்கியது. என் வீட்டுக்காரர் வெட்கப்பட்டுத் தெருவுக்கே போய்விட்டார். ஆனாலும் ஆசாரி வெட்டினார். உள்ளேயும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

வழியெல்லாம் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். "இத்த இன்னா, கால்ல கட்டிக்கினு நடப்பியா?"

பக்கத்து வீட்டுக்காரி புதுக் கொலுசு குலுங்க எதிரே வந்தாள். என் வெள்ளிக்குச் சத்தமில்லை. இடுப்பில் கனத்தது, அது போதும். நிமிர்ந்து நடந்தேன்.

கட்டியைக் கேழ்வரகுப் பானைக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். இதை எழுதும்போது அடுப்படியில் கேழ்வரகு சரசரக்கிறது. எலி இல்லை. வீட்டுக்காரர்தான், கையை விட்டுத் தடவிப் பார்க்கிறார்.

பார்க்கட்டும்.