யார் சுட்ட ரொட்டி

ஹாசன்
7 ஜூலை 1997

மானசாவின் அப்பாவுக்கு,

வனஜாட்சி எழுதுவது. இங்கு நலம், அங்கும் அப்படியே இருக்கட்டும். பஸ் ஸ்டாண்டில் குழந்தையைக் கைமாற்றுவதோடு நம் பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

இவள் சரியாகச் சாப்பிடுவதே இல்லை. ராகிக் களியைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்கிறாள். உப்புமாவில் காரட்டைத் துருவி ஒளித்தால், ஒவ்வொரு துருவலாகப் பொறுக்கித் தட்டோரம் வைக்கிறாள். போன வாரம் பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் மயங்கி விழுந்துவிட்டாள். "டப்பா மாவெல்லாம் வேண்டாம்மா, வீட்டுல இருக்கறதையே சாப்பிட வைங்க" என்கிறார் டாக்டர். எப்படி என்றுதான் சொல்லவில்லை.

நான் கெஞ்சினால், "அப்பா முருங்கைக்கீரை ரொட்டி சுட்டாரே, அந்த மாதிரின்னா தின்பேன்" என்கிறாள். அதில் என்ன போடுகிறீர்கள்? நானும் ராகி மாவு, கீரை, வெங்காயம்தான் போடுகிறேன். வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன்.

வனஜாட்சி

அரசிக்கெரை
11 ஜூலை

வனஜாட்சிக்கு,

திரும்பத் திரும்பப் படித்தும் எனக்குப் புரியவில்லை. நான் தனியாக ரொட்டி சுட்டதே கிடையாது. இங்கே வந்தால் அவளுக்கு மோர்சாதம், அதிலும் பாதி தெருநாய்க்குப் போகிறது. "அம்மா தட்டுன கீரை ரொட்டிதாம்பா வேணும்" என்று என்னிடம் சொல்கிறாள். உன் கையால் நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று நிம்மதியாக இருந்தேன்.

மயங்கி விழுந்ததை ஏன் அன்றே சொல்லி அனுப்பவில்லை? அக்கம்பக்கத்தில் எங்காவது தின்கிறாளா? பொய் சொல்கிற பெண் இல்லையே அவள். விசாரித்து எழுது.

ருத்ரேஷ்

ஹாசன்
16 ஜூலை

மானசாவின் அப்பாவுக்கு,

அதட்டவில்லை. தலை பின்னிக்கொண்டே கேட்டேன்.

"அப்பாவும் சுடலையாம், நான் சுடறதும் அது இல்லேங்கற. அப்ப யாருடி சுட்டது?"

"ரெண்டு பேருந்தான். நீ தட்டுன, அப்பா திருப்பிப் போட்டாரு. கரண்ட் இல்ல. நான் நடுவுல உக்காந்திருந்தேன். நாலு ரொட்டி தின்னேன்."

அப்படி ஒரு நாள் எனக்கு நினைவில்லை. கனவு கண்டாளோ என்னவோ. உங்களுக்கு ஏதாவது தெரிகிறதா?

வனஜாட்சி

அரசிக்கெரை
20 ஜூலை

வனஜாட்சிக்கு,

கனவில்லை. போன வருஷ மழையில், நீ கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம். உன் அண்ணனுக்கு ஆள் அனுப்பிவிட்டாய். வீட்டில் ராகி மாவும் கொல்லையில் முருங்கையும் தவிர ஒன்றுமில்லை. முகம் பார்க்காமலிருக்க இரண்டு பேருக்கும் கையில் ஒரு வேலை வேண்டியிருந்தது. நீ தட்டினாய், நான் திருப்பினேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்கு அன்று இழவு வீடு போலிருந்தது. அதைப் போய் இவள் ஏன் கேட்கிறாள் என்று பிடிபடவில்லை.

ருத்ரேஷ்

ஹாசன்
24 ஜூலை

மானசாவின் அப்பாவுக்கு,

அந்தச் சாயங்காலம் எனக்கு மறக்கவில்லை, ரொட்டிதான் மறந்துபோயிற்று. நான் அழுதேன். என்னம்மா என்று கேட்டாள், புகை என்றேன்.

ஒருவேளை, நாம் சத்தம் போடாத ஒரு நாளாக அது அவளுக்கு இருந்திருக்கலாம். எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

நேற்று நான் மறுபடியும் சுட்டேன். ஒரு விள்ளல் தின்றுவிட்டு, "நீயேவா திருப்பிப் போட்ட?" என்று தட்டை நகர்த்திவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வீட்டுக்கே வாருங்கள். இதை வைத்து வேறெதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் என்ன நினைக்கிறேன் என்பது எனக்கே தெளிவாக இல்லை. மாவு பிசைந்து வைக்கிறேன். சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகலாம்.

வனஜா