உன் பேத்தி துணியில் இருந்த நுரை

"ஏலே சம்முவம்" என்று உரிமையோடு அதட்ட இனி ஆளில்லாமல் செய்துவிட்டுப் போன என் அக்காவுக்கு,

உனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். நீ போன நாலாம் மாதம், சுகப்பிரசவம். மூக்கு அப்படியே உன்னுடையது. கோபமும் உன்னுடையதுதான் போலிருக்கிறது. பால் கொஞ்சம் தாமதமானால் தெருவே எழுந்து உட்காருகிறது.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பார்கள். தாயே இல்லாவிட்டால் எங்கே என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. அத்தானும் உனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். செல்விக்கு மிச்சம் இருந்தது தாய்மாமன் நான் ஒருவன். கல்யாணமே பண்ணாதவன் வீட்டில் பிள்ளைப்பேறா என்று தெருவில் சிரித்தார்கள். நான் கேட்கவில்லை. புதியம்புத்தூர் போய், மூன்று மாதம் என் பொறுப்பு என்று அவள் மாமியாரிடம் சொல்லிக் கூட்டி வந்துவிட்டேன். பிள்ளையைக் குளிப்பாட்ட எதிர்வீட்டுப் பேச்சியம்மா வருகிறாள். சமையலும் துணியும் நான்.

பூண்டுக் குழம்பு கைக்கு வந்துவிட்டது. துணியில்தான் மாட்டிக்கொண்டேன் அக்கா.

துணி விஷயத்தில் நீ எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. தீப்பெட்டி ஆபீசில் எனக்கு மருந்து முக்குகிற வேலை. குச்சித் தலையில் ஏறுகிற மருந்து என் சட்டையிலும் ஏறும். "ஒன் ஆபீஸ் உடுப்பைத் தனியா நனைலே. வீட்டுத் துணியோட சேக்காத, அடுப்புப் பக்கம் கொண்டு போகாத" என்பாய். அன்றிலிருந்து இன்றுவரை எனக்குத் தனி வாளி, தனிக் கொடி. மீறியதே இல்லை. மற்றத் துணியெல்லாம் நீயே துவைத்துக் கொடுத்துவிட்டாய். அதை எப்படித் துவைத்தாய் என்று நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

பச்சைப்பிள்ளைத் துணிக்கு என்ன வேண்டும் என்று கடையில் கேட்டேன். கடைக்காரர் வரிசையாக எடுத்து வைத்தார். அழுக்குக்குப் பவுடர், கிருமிக்கு ஒரு பாட்டில், வாசனைக்கு ஒரு பாட்டில், வெள்ளைக்கு ப்ளீச்சிங். பவுடர் பாக்கெட்டில் வாஷிங் மெஷின் படம் போட்டிருந்தது. நம் வீட்டில் மெஷின் ஏது? எவ்வளவு போடவேண்டும் என்று பின்பக்கம் பொடி எழுத்தில் எதையோ அச்சடித்திருந்தார்கள். பிள்ளைக்கு எதுவும் குறையக்கூடாது என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தேன்.

நம் போர் தண்ணீரின் உப்பு உனக்குத் தெரியாததா? ஒரு கரண்டி பவுடர் போட்டேன், நுரையே இல்லை. இரண்டு, மூன்று போட்டேன். நுரைக்காமல் அழுக்கு எப்படிப் போகும்? நாலாவது கரண்டிக்குத்தான் கொஞ்சம் நுரைத்தது. அதோடு அந்த இரண்டு பாட்டிலிலும் ஒவ்வொரு மூடி. நல்ல தண்ணீர் குழாயில் என்றைக்கோ ஒருநாள் வருவது, அதைத் துணிக்குச் செலவழிக்க மனம் வருமா? உப்புத் தண்ணீரிலேயே ஒரு முக்கு முக்கிக் காயப்போட்டேன். செல்வி முகர்ந்து பார்த்துவிட்டு, "ஜவுளிக்கடைத் துணி மாதிரில்லா மணக்கு மாமா" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பத்து நாளில் பிள்ளையின் தொடையிலும் இடுப்பிலும் செக்கச்செவேலென்று தடிப்பு. துணியைச் சுற்றினாலே வீறிட்டாள். அந்த நேரம் பார்த்து செல்வியின் மாமியார் பிள்ளையைப் பார்க்க வந்தார். என் கொடியில் காய்ந்த ஆபீஸ் சட்டையைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். "தீப்பெட்டி மருந்துதான் அண்ணாச்சி புள்ளயத் தின்னுது. ஞாயித்துக்கிழமை கார் கொண்டாரேன், ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிருதேன்" என்றார்.

தனி வாளி என்று சொல்லிப் பார்த்தேன், என் குரலே எனக்கு நம்பும்படி இல்லை. என் கையில் இருந்து ஒட்டியிருக்குமோ? மூச்சில் இருந்தா? வேலைக்கு லீவு போட்டேன். பிள்ளையைத் தூக்குவதை நிறுத்தினேன். பயத்தில் துணியை இன்னும் அழுத்தித் துவைத்தேன், பவுடரை ஐந்து கரண்டி ஆக்கினேன். தடிப்பு வயிற்றுக்கு ஏறியது. வேலைக்குப் போகாத எனக்கு மருந்து எங்கிருந்து வருகிறது? உன்னிடம் கேட்காமல் யாரிடம் கேட்பேன்?

சனிக்கிழமை சுகாதார நிலையத்து நர்சம்மா பிள்ளையைப் பார்க்க வந்தார். தடிப்பைப் பார்த்தவர் என்னைத் திட்டவில்லை. ஒரு டம்ளர் குடிதண்ணீர் கேட்டார். துவைத்துக் காய்ந்து மடித்து வைத்த பிள்ளைத் துணி ஒன்றை அதில் முக்கிக் கசக்கினார். டம்ளர் நிறைய நுரை, அக்கா. காய்ந்த துணியில் இருந்து!

"மருந்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. துணியில தங்கிப்போன இந்தப் பவுடருதான். உப்புத் தண்ணில நுரை வராது, அதைப் பாத்து அளவு போடாதீங்க. பாக்கெட்டுல போட்டிருக்க அளவு போதும். கடைசி அலசல் நல்ல தண்ணில இருக்கட்டும். வாசனையும் கிருமி பாட்டிலும் பச்சப்புள்ளைக்கு வேண்டாம்" என்றார். ப்ளீச்சிங்கை நான் திறக்காமல் வைத்திருந்ததைப் பார்த்து, "பாத்ரூம் ஆசிட்டோட இதை ஒருநாளும் சேத்துராதீங்க, அந்தப் புகை ஆளையே அடைச்சிரும்" என்று பயமுறுத்தி, தடிப்புக்குக் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் மருந்தால் கெடுக்கவில்லை, சரி. ஆனால் கெடுத்தது நான்தானே? இதற்குச் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா?

ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது. சொல்லாமல் இருந்திருக்கலாம். இருந்தாலும் உன் மகளின் மாமியாரிடம் பொய் சொல்ல முடியவில்லை. "மயினி, ஆபீஸ் மருந்து இல்ல. நான்தான் சோப்பை அள்ளிப் போட்டு, அலசத் தெரியாம அலசிட்டேன்" என்றேன்.

"அப்ப சரியாப் போச்சு. செல்வி, துணிமணிய எடுத்து வை" என்றார்.

செல்வி அசையவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "அத்தை, எங்க அம்மா இருந்து, அவிய இந்தத் தப்பைச் செஞ்சிருந்தா, என்னை இப்படிப் பாதியில கூட்டிட்டுப் போயிருவீங்களா?"

பிறகு மாமியார் வெளியே போய்க் காரை அனுப்பிவிட்டு வந்தார். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, "அந்த வாளிய எடுங்க அண்ணாச்சி. எத்தனை கரண்டி போடுதீங்கன்னு நானும் பாக்கேன்" என்றார். என் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு துணியாக அலசவைத்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் ஊருக்குப் போனார்.

செல்வி உன் இடத்தில் என்னை வைத்துப் பேசிவிட்டாள் அக்கா. நீ இருந்தால் இந்தத் தப்பே நடந்திருக்காதே, அது அவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் ஏன் அப்படிச் சொன்னாள்? நாலு நாளாக இதே யோசனையாக இருக்கிறது. தடிப்பு இறங்கி வருகிறது. நேற்று பிள்ளையை மறுபடி தூக்கினேன், என் சட்டையிலேயே மூத்திரம் போனாள்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். மூன்று மாதம் முடிந்து நானே கொண்டுபோய் விடும்வரை, உன் பேத்தி துணியை வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டேன். குடிக்கிற தண்ணீர் ஒரு குடம் குறைந்தாலும் சரி, டம்ளரில் முக்கிப் பார்த்து, நுரை இல்லை என்றால்தான் அவள் மேல் சுற்றுவேன்.

இப்படிக்கு,
உன் மகளைத் தாய்வீட்டில் வைத்திருக்கும்
உன் தம்பி சண்முகம்