நீங்கள் கட்டிய பூப்பொட்டலங்கள்

அப்பா,

இன்று காலை கம்ப்யூட்டர் துப்பிய தாளில் வந்த எண்ணுக்கு நேரே எந்த ஊர் என்று பார்த்தேன். வடகரை. நெல் விளைச்சல் கணக்கெடுப்புக்கு எந்தெந்த ஊருக்கு ஆள் அனுப்புவது என்பதை இயந்திரம்தான் தேர்ந்தெடுக்கிறது; புரோகிராம் நான் எழுதியது. ஓர் எண்ணைக் கொடுத்தால் அதைப் பெருக்கி, வகுத்து, மீதியிலிருந்து அடுத்த எண்ணை உண்டாக்கும். பார்ப்பவர்களுக்குக் குருட்டாம்போக்காகத் தெரியும். ஆனால் முதல் எண்ணைக் கொடுப்பவர் நினைத்தால் முடிவையே மாற்றலாம்.

"வடகரைக்கெல்லாம் யாரும்மா போறது? முதல் எண்ண மாத்தி மாத்தி ஓட்டு, பக்கத்து ஊர் வர்ற வரைக்கும்" என்றார் மேலதிகாரி. முடியாது என்று கத்திவிட்டேன். அந்த நேரம் எனக்கு அவர் நீங்களாகத் தெரிந்தார்.

வடகரையில் தென்னந்தோப்பு வைத்திருந்த, மனைவியை இழந்த ஒருவருக்கு என்னைப் பேசி முடித்திருந்தீர்கள். நான் பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தேன். கல்லூரிக்குப் போக வேண்டும் என்று மூன்று வேளையும் சாப்பிடாமல் கிடந்தேன். நீங்கள் அடிக்கவில்லை. "பூக்கட்டிப் பார்ப்போம். வெள்ள வந்தா கல்யாணம், செவப்பு வந்தா படிப்பு. நீயே எடு, பெறகு யாரையும் குத்தம் சொல்லாத" என்றீர்கள். உங்களை நியாயவான் என்று நம்பி அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

குற்றாலத்தில் சாரல் காலம். அருவிச் சத்தம் கோயிலுக்குள் வரை கேட்டது. சந்நிதி முன் இரண்டு இலைப் பொட்டலங்களைப் போட்டீர்கள். மாப்பிள்ளையின் தாயாரும் வந்திருந்தார். நான் எடுத்ததில் வெள்ளை அரளி. அழுதபடி மற்றதையும் கையில் எடுத்தேன்.

"சாமி காரியத்துல கை வைக்காதட்டி!" என்று என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். அந்தப் பிடியின் வேகத்தில்தான் எனக்குச் சந்தேகமே வந்தது. உதறிப் பிரித்தேன். அதிலும் வெள்ளை.

மாப்பிள்ளையின் தாயார் எழுந்து சேலையை உதறிக்கொண்டார். "சாமிகிட்டயே களவாங்குத வீட்டுல எங்களுக்குச் சம்பந்தம் வேண்டாம் அண்ணாச்சி" என்று சொல்லிப் படியிறங்கிப் போனார். அந்த அம்மாளை அதன்பின் நான் பார்த்ததில்லை. என் படிப்பு அவர் போட்ட பிச்சை, உங்களுடையது அல்ல.

அதோடு விட்டிருந்தால்கூட உங்களை மறந்திருப்பேன். தென்காசிக்குத் திரும்பியதும் கேட்டவர்களிடமெல்லாம், "அவமானப்படுத்தணும்னே வெள்ளப் பூவக் கைக்குள்ள மறச்சு வச்சிருந்து போட்டுட்டா" என்றீர்கள். அம்மா அதை நம்பினாள். பாளையங்கோட்டை மாமா என்னைக் கூட்டிப் போய்ப் படிக்கவைத்தார். அம்மா ஒருமுறைகூட என்னைப் பார்க்க வரவில்லை.

அவள் படுக்கையில் விழுந்தபோது வந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உண்மையச் சொல்லுட்டி. பூவ நீதான மாத்துன? சொல்லிட்டா எனக்கு நெஞ்சு ஆறும்" என்றாள். வாசல்நிலையைப் பிடித்தபடி நீங்கள் நின்றீர்கள். உங்களைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும், அப்பா. அம்மா உங்களை என்ன செய்துவிடப் போகிறாள்?

"அவகிட்ட ஏன் கேக்க? அவ எங்க சொல்லுதா" என்றீர்கள்.

"நான் மாத்தலம்மா" என்றேன். அம்மா கையை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் போய்விட்டாள்.

போன மாதம் உங்கள் காரியத்துக்கு வந்திருந்தேன். சொன்ன சொல் தவறாத மனிதர் என்று ஊரே சொன்னது. நான் எழுந்து வெளியே போனேன். தம்பி தனியாகக் கூப்பிட்டு, "போனவங்க மேல என்னக்கா கோவம்? மன்னிச்சிரு, மனசு லேசாவும்" என்றான்.

எனக்கு மனம் லேசாக வேண்டாம். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிய முகத்தை நான் வைத்திருக்கிறேன். அது இருக்கும்வரை நீங்களும் இருப்பீர்கள், அந்த நிலைவாசலில், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல்.